அருகம்புல்லுக்கு வசந்தமாம், மனே!

வா மனே, இரி. அந்தத் தொப்பியைக் கழட்டி வை, விறாந்தைக்குள்ள வெயில் இல்ல. சித்திரை வருசத்துக்கு வந்தவன் பலகாரம் தின்னுட்டு, கைவிசேடம் வாங்கிக்கிட்டுப் போவாய் எண்டு பாத்தா, பை நிறையக் கடதாசியோட வந்து நிக்கிறாய்.

என்ன கடதாசி? வசந்த காலத்தில கொல்ஃப் திடலின்ட புல்லையும் பங்கரையும் பராமரிக்கிற முறையாம். நல்லாத்தான் கிடக்கு. புல்லு வளக்கப் படிச்ச முதல் ஆள் எங்கட குடும்பத்தில நீதான். நாங்க எல்லாம் புல்லுப் புடுங்கியே கூனிப்போன ஆக்கள். குருக்கள்மடத்தில பாதைப்படகு ஏறி, அம்பிளாந்துறையில இறங்கி, வட்டைக்குள்ள நான் புடுங்கின கோரையையும் கோழிச்சூடானையும் குவிச்சிருந்தா இந்த வாவியில பாதி தூந்திருக்கும். அதுக்கு ஆரும் எனக்குச் சேட்டிபிக்கட் தரல்ல.

முதல்ல ஒரு கேள்வி. எங்கட ஊரில வசந்தம் எந்த மாசம் வாற? யோசிச்சுச் சொல்லு. மாரி தெரியும், கோடை தெரியும். பெரும்போகம் தெரியும், சிறுபோகம் தெரியும். வாடை அடிக்கும், கொண்டல் அடிக்கும், கச்சான் அடிக்கும். வசந்தம் எண்டு ஒண்டு இந்த வாவியைக் கடந்து வந்ததை நான் கண்டதில்ல. ஒருக்கா அரசாங்கம் 'வடக்கின் வசந்தம்' எண்டு ஒரு திட்டம் கொண்டந்தது. அதுவும் வடக்குக்கு. எங்களுக்குக் கிடைச்சது 'கிழக்கின் உதயம்'. சூரியன் உதிக்கிற பக்கத்து ஆக்களுக்கு உதயத்தையே பரிசாக் குடுத்த கெட்டித்தனத்தை என்னெண்டு சொல்ற?

சரி, பொய் சொல்லக் கூடாது. இலங்கையில வசந்தம் வாற ஊர் ஒண்டு கிடக்கு. நுவரெலியா. ஏப்ரல் மாசம் அங்க வசந்த காலம் எண்டு பூக் கண்காட்சி வைப்பாங்க, குதிரை ஓட்டுவாங்க, கொழும்புச் சனம் கம்பளிச் சட்டையோட வந்து நடுங்கிக்கிட்டுச் சிரிக்கும். நானும் ஒருக்காப் போய் நடுங்கினன். அங்கதான் மனே, முதல் முதல் கொல்ஃப் திடலைக் கண்ணால கண்டன். பட்டணத்துக்கு நடுவில, ரோட்டோரமாக் கிடக்கு. 1889இல ஸ்கொட்லாந்துப் பட்டாளத்தான் ஒருத்தன் தொடங்கி வெச்சதாம். கடல் மட்டத்துக்கு மேல ஆறாயிரம் அடிக்கும் கூட. தை மாசத்தில துகள்பனி விழுந்தா தேயிலைக் கொழுந்தே கருகிப் போற இடம். அவனுக்கு அது ஊர் ஞாபகத்தைக் குடுத்திருக்கும், பாவம்.

வெள்ளாப்பில ஒழும்பி வேலியோரம் நிண்டு பாத்தன். ஒரு பொடியன் நீட்டு மூங்கில் தடியைப் புல்லுக்கு மேல இழுத்து இழுத்துப் பனியைத் தட்டிக்கிட்டு நிண்டான். "என்ன தம்பி, புல்லுக்கு அடிக்கிறாய், என்ன பிழை செஞ்சது?" எண்டு கேட்டன். பனித்தண்ணி இலையில நெடுகக் கிடந்தா பூஞ்சணம் புடிக்குமாம், அதுக்காகத் தட்டுறானாம். எனக்கு உடன விளங்கிட்டு. மார்கழி மப்பில நெல்லுக்கு வாற மாதிரி வருத்தம். "எப்ப என்ன வேலை செய்யிறதெண்டு கடதாசி தருவாங்களா?" எண்டன். "தருவாங்க ஐயா. நாங்க மலையில மூடுபனி எந்தப் பக்கத்தால ஏறுதெண்டு பாத்துட்டுத்தான் மிசினை எடுக்கிற" எண்டான். அவனுக்கு நான் வெத்தில குடுத்தன். உனக்கு இன்னும் குடுக்கல்ல, கவனிச்சியா?

இப்ப உன்ட கடதாசிக்கு வருவம். இதை எழுதினவன் குளிர்நாட்டான். அவன்ட நாட்டில மாரி எண்டா பனிக்கட்டி. புல்லு மூணு நாலு மாசம் செத்த மாதிரிக் கிடக்கும். பங்குனி, சித்திரையில மண் வெதுவெதுக்க, புல்லுக் கண் முழிக்கும். அப்ப அவன் மெதுவா ஒருக்கா வெட்டுவான், சீப்பால வாருறாப்போல செத்த புல்லை வாரி எடுப்பான், துளை போடுவான், மணல் தூவுவான், விதை போடுவான். அவனுக்கு அது சரி. அவன்ட புல்லு 15 பாகையில இருந்து 24 பாகைச் சூட்டுக்குள்ள குசியா வளருற சாதி.

எங்கட புல்லு என்ன சாதி? வா காட்டுறன். அந்தா, கிணத்தடியில கிடக்கே, உன்ட பெத்தா வெள்ளிக்கிழமை கிள்ளிக்கிட்டுப் போய் மாமாங்கப் பிள்ளையாருக்குச் சாத்துறாவே, அருகு. அதுதான். சிரிக்காத. உன்ட கடதாசியில நாலு பக்கத்துக்குப் 'பெர்முடா புல்லு, பெர்முடா புல்லு' எண்டு எழுதியிருக்கே, அந்தப் பெர்முடாதான் எங்கட அருகு. வெப்ப நாட்டுக் கொல்ஃப் திடலில கனக்க இந்தச் சாதிப் புல்லும் அதுக்குப் பிறந்ததும்தான். பெர்முடாத் தீவுக்கும் அதுக்கும் பூர்வீகச் சொந்தம் ஒண்டும் இல்ல. ஆபிரிக்கா, ஆசியாப் பக்கத்துப் புல்லு, கப்பல் ஏறிப் போய்ப் பேர் மாத்திக்கிட்டு வந்திருக்கு. வெளிநாடு போய் வந்தா எங்கட பொடியன்மாரும் பேரைச் சுருக்கிறதுதானே.

இன்னொண்டு கேளு. இந்த அருகை நாங்க வரம்பில கண்டா மம்பெட்டியால கொத்தி வேரோட கிண்டி வெயிலில காயப் போடுவம். ஒரு கணு மிச்சம் கிடந்தாலும் மறுகா முளைச்சு வந்து சிரிக்கும். கலியாண வீட்டில ஆல் போல தழைச்சு அருகு போல வேரோடு எண்டு வாழ்த்துறது சும்மாவா? அப்பிடிப்பட்ட புல்லை அமெரிக்காவில, ஜோர்ஜியாவில, டிஃப்டன் எண்ட ஊரில வெச்சு, தென்னாபிரிக்கச் சாதி ஒண்டோட கலந்து, ஒட்டுச் சாதி எடுத்தாங்க. முதல் மாட்டுக்குத் தீன் எண்டு புல்லு ஆராய்ஞ்ச இடம்தான் அது. மறுகா விளையாடுறவனுக்குப் புல்லு. 1965இல ஒரு குள்ளச் சாதி வந்தது, அதுக்குப் பேர் டிஃப்ட்வார்ஃப். பாய் விரிச்சாப்போல படரும். ஒரே ஒரு குறை, விதை இல்ல. மலட்டுப் புல்லு. தண்டை வெட்டி வெட்டித்தான் நடவேணும். விதைக்காமலே ஊரைப் புடிக்கிற புல்லை, காசு குடுத்து மலடாக்கி, மறுகா காசு குடுத்துத் தண்டு வாங்கி நடுறாங்க. இதை நான் சொன்னா, கிழவனுக்கு அறளை பேந்திட்டு எண்டு சொல்லுவாய். உன்ட கடதாசி சொன்னா விஞ்ஞானம்.

இந்த அருகுக்குப் புடிச்ச சூடு எவ்வளவு? 27 தொட்டு 35 பாகை. எங்கட சித்திரை வெயிலைப் பாத்து அது பயப்படுமா? தாய் வீட்டுக்கு வந்த பிள்ளை மாதிரிக் குதிக்கும். அதுக்கு நோய் வாறது எப்ப தெரியுமா? நீங்க பச்சைப் பசேலெண்டு போட்டோ புடிக்கிற மாரியில. கார்த்திகை, மார்கழியில நாலு நாளாச் சூரியனைக் காணல்ல எண்டா அருகு வெளிறிப் போகும். காலடியில தண்ணி நிண்டா வேர் மூச்சு முட்டும். மேல பாசி புடிக்கும். மர நிழலில அருகு தலையெடுத்ததை ஆராவது கண்டிருக்கிறியளா? சூரியனுக்கு வாக்கப்பட்ட புல்லு அது.

அப்ப, புல்லுத் தூங்கிற காலமும் முழிக்கிற காலமும் உன்ட கடதாசியில ஒரு மாதிரி, எங்கட வளவில இன்னொரு மாதிரி. அவன்ட புல்லு பனி முடிய முழிக்குது. நம்மட புல்லு மாரி முடிய, தை வெயில் கண்டு, மெல்ல மெல்ல உசிர்க்குது. துளை போடுறது, வாருறது, மணல் தூவுறது எல்லாத்தையும் அது துள்ளி வளருற நேரம் செஞ்சாத்தான் காயம் ஆறும். சித்திரையில பின்னேரம் இடியோட ஒரு மழை கொட்டிட்டு ஓடும் பாரு, அந்தச் சூடும் ஈரமும் சேந்த நேரம் நல்லது. அதை விட்டுட்டு ஐப்பசிக் கடைசியில போய்ப் புல்லைக் குத்திக் கிளறி வெச்சியெண்டா, வாடை மழை வந்து அந்தப் புண்ணில குடியிருக்கும். சத்திர சிகிச்சை செஞ்ச ஆளை மழையில கிடத்துவியா?

துளை போடுறது எண்டதும் ஞாபகம் வருகுது. இதைத்தான் நான் முதல்ல விளங்காமச் சிரிச்சன். அரை இஞ்சி அகலத்துக்கு, மூணு நாலு இஞ்சி ஆழத்துக்கு, புல்லுத் தரையில ஆயிரக்கணக்கில ஓட்டை போடுவாங்களாம். தோண்டின மண்ணை வாரி எறிஞ்சிட்டு, ஓட்டைக்குள்ள மணல் நிரப்புவாங்களாம். மினக்கெட்டு மட்டம் பண்ணின தரையில எதுக்கு இந்த வேலை எண்டு கேட்டன். நீ என்னவோ காத்தோட்டம் எண்டாய்.

நான் ரா முழுக்க யோசிச்சன் மனே. மறுகா விளங்கிச்சு. நாங்க வட்டைக்குள்ள என்ன செய்யிற? முந்தி எருமையை வளைச்சு வளைச்சு மிதிக்க விடுவம், இப்ப உழவு மிசின் அடிக்கும். எதுக்கு? மண்ணின்ட கண் எல்லாத்தையும் மூடிச் சேறாக்கினாத்தான் தண்ணி கீழ இறங்காம வயலில நிக்கும். நெல்லுக்கு அது வேணும். நீங்க செய்யிறது அதுக்கு நேர்மாறு. ஆக்கள் நடந்து நடந்து, மிசின் ஓடி ஓடி, உங்கட தரை தன்ட பாட்டில வயல் மாதிரி இறுகிப் போகுது. அதால மூடின கண்ணைத் திறக்கிறியள். நான் தண்ணியை நிப்பாட்டப் பாடுபட்டன், நீ தண்ணியை ஓட வைக்கப் பாடுபடுறாய். அலுவல் ஒண்டுதான், தலைகீழ். இதை ஒரு வசனத்தில சொல்லியிருந்தா நான் அண்டைக்கே தலையாட்டியிருப்பனே. அதுக்கு எதுக்கு இருபத்தாறு பக்கம்?

அந்தக் கிரீன் எண்டு சொல்றியே, குழியும் கொடியும் கிடக்கிற இடம், அதைக் கட்டுற விதத்தைக் கேட்டு உன்ட பெத்தா வாயில கையை வெச்சிட்டா. கீழ குழாய், அதுக்கு மேல நாலு இஞ்சி சல்லிக்கல், அதுக்கு மேல ஒரு அடி மணல், மறுகாதான் புல்லாம். அமெரிக்கக் கொல்ஃப் சங்கம் 1960இல எழுதி வெச்ச முறையாம். நாலு இஞ்சி சல்லி எண்டதை நான் முதல்ல காசு எண்டுதான் நினைச்சன். பிழை இல்ல, கணக்குப் பாத்தா அதுவும் வரும்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில எங்கட எழுவான்கரை முழுக்க என்ன? மணல். தோண்டத் தோண்ட மணல். வெளிநாட்டான் கோடி குடுத்துக் கட்டுற தரையை ஆண்டவன் எங்களுக்கு ஓசியில தந்திருக்கான், அதுக்கு மேல நாங்க கத்தரிக்கண்டு வெச்சுக்கிட்டு இருக்கம். ஆனா மணலுக்குக் குணம் ஒண்டு கிடக்கு. குடுத்ததை வெச்சிருக்காது. தண்ணி ஊத்தினாலும் கீழ போகும், உரம் போட்டாலும் கீழ போகும். மணலில தோட்டம் செய்யிறவனைக் கேட்டுப் பாரு, ஒரு நாளைக்கு ரெண்டு தரம் தண்ணி, உரம் கொஞ்சம் கொஞ்சமா, கிள்ளிக் கிள்ளி. பச்சைப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரி. ஒரே நாளில மூட்டையைக் கொட்டினா அது கிணத்துக்குள்ள போய்ச் சேரும். நீ வந்தண்டைக்குக் கொட்டினியே, நினைவிருக்கா? உரம் கூடினா வட்டைக்குள்ள அறக்கொட்டி வாற மாதிரி, புல்லுக்குள்ளயும் கொழுப்பும் நோயும் வரும். 2021இல ஒரேயடியா இரசாயன உரத்தை நிப்பாட்டினாங்க, வயல் மஞ்சளாகிப் போய் நிண்டது. அளவு தெரியாமக் கொட்டுறதும் பிழை, அளவு தெரியாம நிப்பாட்டுறதும் பிழை. விடு, அது அரசியல்.

வெட்டுறதைப் பத்தி ஒண்டு. அந்தக் கிரீனை மூணு மில்லிமீற்றருக்கு வெட்டுறியளாம். ஒரு நெல்லுமணியின்ட அகலம். ஒவ்வொரு விடியலும் சவரம். மாப்பிள்ளைக்குக் கூட நாங்க கலியாணத்தண்டைக்கு மட்டும்தான் செய்யிற. மறுகா பந்தை ஒரு கோலில வெச்சு உருட்டி எத்தனை அடி ஓடுதெண்டு அளக்கிறியளாம். 1935இல ஸ்டிம்ப்சன் எண்ட அமெரிக்கன் யோசிச்ச கோல். பந்து கூட ஓடினாப் பெருமையாம். புல்லு மெலிஞ்சு வெயிலில வாடக்குள்ளயும், ஓட்டம் நல்லாக் கிடக்கு எண்டு கைதட்டுவாங்களாம். பசுவுக்கு எலும்பு தெரியக்குள்ள, பால் கறக்க வசதியாக் கிடக்கு எண்டு சொன்னானாம் ஒருத்தன். அந்தக் கதைதான்.

மறுகா, பங்கர்.

இந்தச் சொல்லைக் கேட்டதும் உன்ட பெத்தா ஏன் உள்ளுக்குப் போயிட்டா எண்டு உனக்கு விளங்கல்ல. நீ பிறக்க முந்தின கதை. எங்களுக்குப் பங்கர் எண்டா விளையாட்டு இல்ல மனே. 1990 ஆனியில சண்டை மறுகா மூண்டதுக்குப் பிறகு இந்த வளவுக்குள்ள, அந்தப் பிலா மரத்துக்குக் கிட்ட, நானும் உன்ட மாமனும் சேந்து ஒண்டு வெட்டினம். மேல தென்னங்குத்தி, அதுக்கு மேல மண்மூட்டை. எத்தனை ரா அதுக்குள்ள குந்தியிருந்தம் எண்டு எண்ணல்ல. அந்தச் சொல்லை இப்ப நீ வந்து, அதுக்குள்ள பந்து விழுந்தாக் கவலை எண்டு சொல்றாய். நாங்க அதுக்குள்ள விழுந்தா நிம்மதி எண்டு இருந்த ஆக்கள். சிரிப்பு வருகுதா? எனக்கும்தான். அழுது முடிஞ்ச பிறகு வாற சிரிப்பு.

ஆனா அந்தப் பங்கர் எனக்குப் படிப்பிச்சதை உன்ட வாத்தியார் படிப்பிக்கல்ல. அந்த வருசம் கார்த்திகை மழை ரெண்டு நாள் விடாம அடிச்சது. மூணாம் நாள் விடியப் பாத்தா, பங்கருக்குள்ள இடுப்பளவு தண்ணி, தவளை கச்சேரி. சுவர் மணல் சரிஞ்சு பாதி தூந்து போச்சு. வழிவிடாம வெட்டின குழி எல்லாம் குளம்தான். நட்டுக்கு நிப்பாட்டின மணல் எல்லாம் ஒருநாள் படுக்கும்தான். உலர்ந்த மணல் நிக்கிறது முப்பது சொச்சப் பாகைச் சாய்வு மட்டும். அதுக்கு மேல நீ ஏத்திப் பூசினா அது கடன் வாங்கி நிக்கிற நிலை. முதல் மழை வந்து கடனைக் கேட்டிடும்.

உங்கட திடலில என்ன செய்யிறாங்க? தூரத்தில இருந்து பாக்க வடிவாத் தெரியோணும் எண்டு, பங்கரின்ட முதுகுச் சுவர் முழுக்க வெள்ளை மணல் பூசுறாங்க. ஒவ்வொரு மழைக்கும் அது கழுவிக் கீழ வரும். நாலு பேர் மம்பெட்டியோட போய் மறுகா மேல அள்ளிப் போடோணும். கழுவி வாற நேரம் அடியில கிடக்கிற மண்ணையும் சேத்துக் கொண்டாரும். வெள்ளை மணல் பழுப்பாகும், இறுகும், தண்ணி இறங்காது. மறுகா எல்லாத்தையும் அள்ளி எறிஞ்சிட்டு, புது மணல். அமெரிக்காவில ஓகஸ்ராத் திடலில பளிங்கு மாதிரி மின்னுற மணல் போட்டிருக்காங்களாம், வேற கனியத்தைத் தோண்டக்குள்ள மிஞ்சி வாற படிகக்கல் மணலாம். அதைப் பாத்துட்டு உலகம் முழுக்க எல்லாருக்கும் வெள்ளை மணல் ஆசை. எங்கட ஆத்து மணலை ஏத்திப் போற டிப்பர்காரனுக்கு இதைச் சொல்லிடாத.

நான் செய்யிறதெண்டா மூணு அலுவல். மணலைச் சுவரில பூசமாட்டன், அடியில மட்டமா நாலு இஞ்சிக்குப் போடுவன். சுவருக்கு அருகு இறக்கி விடுவன், அது புடிச்ச மண்ணை யானை வந்தாலும் விடாது. பங்கருக்கு மேல்பக்கம், மேட்டுத் தண்ணி ஓடி வாற இடத்தில, ஒரு சின்ன வரம்பு. கண்ணுக்குத் தெரியாத வரம்பு, அரை அடி போதும், தண்ணியைச் சுத்தி வளைச்சுப் பக்கத்தால அனுப்பும். வயலுக்குள்ள தண்ணியை எங்க விடுறது, எங்க மறிக்கிறது எண்டுதானே வட்டவிதானைமார் தலைமுறை தலைமுறையாச் சண்டை புடிச்சாங்க? அந்த மூளையை அரை அடிக்குள்ள வைக்கச் சொல்றன். அடியில குழாய் கிடந்தா, அதை ஐப்பசி பிறக்க முந்தி ஒருக்கா இடிச்சுப் பாக்கோணும். மழை தொடங்கின பிறகு குழாய் தேடுறது, வீடு எரியக்குள்ள கிணறு வெட்டுறது.

இந்தப் பங்கர் எப்பிடி வந்ததெண்டு தெரியுமா? ஸ்கொட்லாந்துக் கடற்கரையில மணல் திட்டி. குளிர் காத்துக்குப் பயந்து செம்மறியாடு திட்டிக்குள்ள ஒதுங்கி ஒதுங்கிப் படுத்த பள்ளம்தான் முதல் பங்கர் எண்டு சொல்ற. புல்லு வெட்டினதும் ஆடும் முயலும்தான். அங்க சென் அன்ட்ரூஸ் எண்ட திடலை நெடுங்காலம் பாத்துக்கிட்ட கிழவன் ஒருத்தன், டொம் மொரிஸ், மணலைத் தவறிக் கொட்டின இடத்தில புல்லுத் திமிறி வளந்ததைக் கண்டுதான் மணல் தூவத் தொடங்கினான் எண்டும் கதை கிடக்கு. கதையோ உண்மையோ, எனக்கு அந்தக் கிழவனைப் புடிச்சிருக்கு. கண்டான், செஞ்சான். இப்ப ஆடு படுத்த பள்ளத்துக்குப் பொறியியலாளர் வைச்சு வரைபடம் போடுறாங்க. எங்கட வெள்ளாட்டை விட்டா ஒரு பகலில பதினெட்டுப் பங்கர் போட்டுத் தந்திருக்கும், புல்லையும் மூணு மில்லிமீற்றருக்கு வெட்டியிருக்கும்.

மணலை வாருறதுக்கும் படிப்பு வேணுமாம். விளையாடினவன் காலடி தெரியாம வாரி விட்டுட்டுப் போகோணும், கோடு நேராக் கிடக்கோணும், இல்லாட்டி மரியாதை கெட்டவனாம். உன்ட பெத்தா அறுபது வருசமா என்ன செய்யிறா? விடியக் காத்தால ஈர்க்கு விளக்குமாத்தோட குனிஞ்சு, வளவு மணலில விசிறி விசிறியாக் கோடு போடுறாவே! திருவிழாவுக்கு முந்தி கடற்கரையில இருந்து புது வெள்ளை மணல் கொண்டந்து பரப்புவா. அந்தக் கோட்டுக்கு மேல செருப்போட நடந்தவன் இந்த வீட்டில சோறு தின்னதில்ல. அவக்கு ஆரு கிண்ணம் குடுத்தாங்க?

தண்ணிக் கதைக்கு வாறன், இதில நான் பகிடி விடல்ல. பதினெட்டுக் குழித் திடல் ஒண்டுக்குக் கோடையில நாளுக்குப் பல லட்சம் லீற்றர் தண்ணி வேணும். எங்க இருந்து எடுப்பாய்? உன்னிச்சைக் குளத்திலயா? நவகிரியிலயா? சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் எண்டு கூட்டம் போட்டு, கதிரையைத் தூக்கிற அளவுக்குக் கதைச்சு, பாதிக் காணியை வெறுங்காணியா விடுற ஆக்கள் நாங்க. அந்தக் கூட்டத்தில போய், 'புல்லுக்கும் கொஞ்சம்' எண்டு கேட்டுப் பாரன். உன்ட தொப்பி மட்டும் திரும்பி வரும். வாவியில இறைக்கலாம் எண்டு சொல்லுவாய். வாவி உவர். கச்சான் அடிக்க அடிக்க இன்னும் உவர். கிணத்தை இறைச்சா? எங்கட மணலுக்குக் கீழ நல்ல தண்ணி மெல்லிசா, உப்புத் தண்ணிக்கு மேல எண்ணெய் மாதிரி மிதந்துகிட்டுக் கிடக்கு. அளவோட அள்ளினா அமிர்தம், மோட்டார் போட்டு உறிஞ்சினா உப்பு மேல வரும். 2004 மார்கழி 26 கடல் வந்து போன பிறகு கிணறு எல்லாம் உப்பானதை நாங்க குடிச்சுப் பாத்தவங்க. மாரி மழை வந்து கழுவிக் கழுவித்தான் மண் இனிச்சது.

உப்புத் தாங்குற புல்லு கிடக்குதாம், பஸ்பாலம் எண்டு பேராம். வெப்ப நாட்டுக் கடற்கரைத் திடலுக்கு இப்ப அதைத்தான் தேடித் தேடி வாங்குறாங்களாம். அதின்ட சொந்த இடம் எது தெரியுமா? வெப்ப நாட்டுக் கழிக்கரை, உவர்ச் சதுப்பு. எங்கட மாதிரி ஊர். மாடு வாவிக்கரையில முழங்கால் தண்ணியில நிண்டு மேயுதே, அங்க போய் ஒருக்காக் குனிஞ்சு பாரு. கப்பலில வரச் சொல்லிக் காசு கட்ட முந்திப் பாரு, அதுதான் நான் சொல்றது.

கச்சானைப் பத்தி உன்ட கடதாசியில ஒரு வரியும் இல்ல. எப்பிடி இருக்கும், அவனுக்குக் கச்சான் எண்டா கொறிக்கிற கச்சான்தான். வைகாசி தொட்டு ஆவணி மட்டும் மேற்கால இருந்து நெருப்பு மாதிரி அடிக்கும். பங்கர் மணலை அள்ளிக் கிரீனில போடும். காலமை பத்து மணிக்குப் பிறகு தண்ணி தெளிச்சா அரைவாசி காத்துக்கு, அரைவாசி பக்கத்து ஊருக்கு. ராவில தெளி, வெள்ளாப்பில தெளி. புல்லைக் கொஞ்சம் உயத்தி விடு, தன்ட நிழல் தன்ட காலில விழட்டும். பந்து ரெண்டு அடி குறைய ஓடினா உலகம் அழிஞ்சு போகாது.

இஞ்ச ஒரு திடல் போடப் போறன் எண்டு கனவோட வந்திருக்காய், தெரியும். எங்களுக்குக் கிட்டக் கிடக்கிறது திருகோணமலைச் சீனக்குடா, விமானப்படை நடத்துற திடல், கடலோரம். மலைநாட்டில விக்டோரியா நீர்த்தேக்கத்து ஓரம் ஒண்டு. அம்பாந்தோட்டையில ஷங்ரி-லா ஹொட்டல்காரர் 2016இல தொடங்கினது. கொழும்புத் திடலுக்கு வயசு கூட, 1879இல காலிமுகத்தில பந்து அடிக்கத் தொடங்கி, 1896இல பொறளைப் பக்கம் போனவங்க. அந்தத் திடலுக்குள்ளால களனிவெளி ரயில் ஓடும். எத்தனை பெரிய துரை எண்டாலும் ரயில் போகுமட்டும் கோலை ஊண்டிக்கிட்டு நிக்கோணும். எனக்கு இந்த விளையாட்டில ஆகப் புடிச்ச இடம் அதுதான்.

போய்ப் பாரு எல்லாத்தையும். ஆனா ஹொட்டல் பக்கத்தால போகாத. வெள்ளாப்பில புல்லு வெட்டுறவன் வாற வாசலால போ. அவனுக்கு வெத்தில குடுத்துக் கதை. எந்த மூலையில தண்ணி நிக்கும், எந்தப் பங்கர் மழைக்குச் சரியும், எந்தக் காத்துக்கு எந்தக் கிரீன் வாடும், எல்லாம் அவன்ட வாயில கிடக்கு. ஆரும் கேட்டிருக்கமாட்டாங்க.

பொறு, மேற்கால என்ன சத்தம்? இடிதான். படுவான்கரைப் பக்கம் கறுத்து வருகுது, அரை மணித்தியாலத்தில இஞ்ச கொட்டும். சித்திரை மழை, உன்ட கடதாசியில நாள் குறிக்காத மழை. தேத்தண்ணியை வை மனே, மறுகா குடிக்கலாம். அந்த மம்பெட்டியை எடு. நேத்துப் பின்னேரம் உன்ட பெத்தா கூட்டி முடிச்ச முத்தத்தில ஒரு குழி வெட்டி, இதுதான் பங்கர் எண்டு எங்களுக்குக் காட்டினியே? வெட்டின மணல் முழுக்கக் கானுக்குள்ள கிடக்கு. அதை இப்ப எடுக்காட்டி, இண்டைக்கு ராவைக்குத் தவளையோடதான் உனக்குப் படுக்கை.